முரண்படும் அறிவுக் களஞ்சியங்கள்

ஒரு பெரிய வைத்தியசாலையை மனத்திற் கொள்க. நள்ளிரவு கடந்த வேளையில், கடுங்காய்ச்சலோடு ஒரு மூதாட்டி அங்கே கொண்டுவரப்படுகிறார். பேசும் நிலையில் அவர் இல்லை. உடன் வந்தவர் அயல்வீட்டார். மூதாட்டியின் பழைய நோய்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கடமையிலிருந்த வைத்தியர் கணினியின் முன் அமர்ந்து செய்தி தேடுகிறார். நோயாளர் பதிவேட்டில் அம்மூதாட்டியின் பெயர் உண்டு. மருந்து ஒவ்வாமை என்னும் கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. இரண்டு நாள்களுக்கு முன் வெளிநோயாளர் பிரிவில் எடுத்த இரத்தத்திற் காணப்பட்ட கிருமி பென்சிலினுக்கு அடங்கும் என்று ஆய்வுகூடத்தின் ஏடு கூறுகிறது. மருந்துச்சாலையின் ஏடோ, பல ஆண்டுகளுக்கு முன் பென்சிலின் இனத்தைச் சேர்ந்த அம்பிசிலின் கொடுக்கப்பட்டபோது அவருடைய உடலெங்கும் தடிப்புத் தோன்றியது என்று குறித்து வைத்திருக்கிறது.

மூன்று ஏடுகளும் ஒரே கணினி வலையில் இணைக்கப்பட்டவை. தனித்தனியே நோக்கினால் எந்த ஏட்டிலும் முரண் இல்லை. ஒன்றுசேர்த்து நோக்கினாலோ, ஒரே பெண்ணுக்கு ஒரே மருந்தைக் கொடுக்கலாம் என்றும் கொடுக்கலாகாது என்றும் இரு விடைகள் எழுகின்றன. இக்காட்சி கற்பனையே, இதிலுள்ள இடர்ப்பாடு கற்பனையன்று. வைத்தியசாலைகளும் வங்கிகளும் விமான நிலையங்களும் அரசாங்கத் திணைக்களங்களும் தத்தம் ஏடுகளைக் கணினிகளில் ஏற்றி, அக்கணினிகளை ஒன்றோடொன்று பேசவிட்டிருக்கும் காலம் இது. குறைபட்ட செய்திகளை உடைய பல களஞ்சியங்கள் இணையுமிடத்து முரண்பாடு எழுவது இயல்பு. அதனை எவ்வாறு கையாளுவது என்பது கணினி விஞ்ஞானத்தில் ஒரு தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது.

அறிவுக் களஞ்சியம் என்பது யாது? அதில் இரு வகைப் பொருள்கள் உள்ளன. ஒன்று செய்தி: இன்ன நோயாளிக்கு இன்ன வயது, இன்ன கிருமி காணப்பட்டது என்பன போன்றவை. மற்றையது விதி: இன்ன கிருமி காணப்பட்டால் இன்ன மருந்து தகும் என்பது போன்றது. செய்தியையும் விதியையும் பொருத்திப் புதிய முடிவுகளைப் பெறும் ஆற்றல் கணினிக்கு அளிக்கப்படுகிறது. 1970களில் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான 'மைசின்' என்னும் அமைப்பு இவ்வகையில் முன்னோடியானது. இரத்தத்திற் பரவும் தொற்று நோய்களுக்குரிய கிருமியை ஊகித்து மருந்து கூறுவதற்கு, அதில் நூற்றுக்கணக்கான விதிகள் எழுதப்பட்டிருந்தன. அன்றாடச் சிகிச்சையில் அது இடம்பெறவில்லை எனினும், வல்லுநரின் அறிவை விதிகளாக எழுதி வைக்க முடியும் என்பதை அது காட்டிற்று.

ஆயினும் எந்தக் களஞ்சியமும் நிறைவுடையதன்று. எழுதப்பட்டவை சில, எழுதப்படாதவை பல. எழுதப்படாத ஒன்றைப் பற்றி வினவினால் கணினி என்ன விடை கூறவேண்டும்? இவ்வினாவுக்கு இருவேறு கொள்கைகள் உண்டு.

புகையிரத நிலையத்துக் கால அட்டவணையை ஒருவர் நோக்குகிறார். பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு வண்டியும் அதில் இல்லை. அந்நேரத்தில் வண்டி இல்லை என்று அவர் துணிந்து முடிவு செய்கிறார். முடிவு சரியானது, ஏனெனில் ஓடும் வண்டிகள் அனைத்தையும் அட்டவணை காட்டும் என்பது முன்னரே ஏற்றுக்கொள்ளப்பட்டது. எழுதப்படாதது இல்லாதது என்னும் இக்கொள்கைக்கு 'மூடிய உலகக் கொள்கை' என்று பெயர். கனடாவிற் பணியாற்றிய றேமண்ட் றைட்டர் என்னும் அறிஞர் 1978ஆம் ஆண்டில் இதனை அளவையியல் முறையில் வரையறுத்தார்.

நோயாளர் பதிவேட்டின் வெறுங்கட்டத்தை நோக்குவோர் அவ்வாறு துணியலாகாது. ஒவ்வாமை இல்லை என்று யாரும் விசாரித்து எழுதவில்லை. ஒருவரும் விசாரிக்கவேயில்லை என்பதும் அவ்வெறுமைக்குக் காரணமாக இருக்கலாம். இங்கே எழுதப்படாதது அறியப்படாதது மட்டுமே. இது 'திறந்த உலகக் கொள்கை'. 'இல்லை என்று அறியப்பட்டது' என்பதும் 'அறியப்படவில்லை' என்பதும் ஏட்டில் ஒரே வெறுங்கட்டமாகத் தோன்றுகின்றன. உண்மையில் அவற்றுக்கிடையே உள்ள தூரம் பெரிது. சில வேளைகளில் ஓர் உயிரின் அளவு பெரிது.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. பறவை என்று கேட்டவுடன் அது பறக்கும் என்று கொள்வது மனித இயல்பு. அப்பறவை பென்குயின் என்று பின்னர் அறிந்தால், அம்முடிவு கைவிடப்படும். மாறான செய்தி வரும்வரை ஒன்றைக் கொள்வதும், வந்தபின் அதனை விடுவதும் நல்லறிவின் அடையாளம். இத்தகைய 'இயல்பு விதி'களுக்குரிய அளவையியலை றைட்டர் 1980ஆம் ஆண்டில் வகுத்தளித்தார். பழைய அளவையியலில், ஒருமுறை நிறுவப்பட்ட முடிவு புதிய செய்தியால் அழிவதில்லை. புதிய முறையிலோ முடிவு பின்வாங்கலாம். குறைந்த அறிவோடு செயற்பட வேண்டிய கணினிக்கு இப்பின்வாங்கும் திறன் இன்றியமையாதது.

இனி முரண்பாட்டை நோக்குவோம். அறிவுக் குறைவால் கணினி 'தெரியாது' என்று நின்றுவிடலாம்; அதனால் வரும் தீமை அளவுடையது. முரண்பாட்டால் வரும் தீமைக்கோ அளவில்லை. பழைய அளவையியலின்படி, ஒரு முரணிலிருந்து எதனையும் நிறுவிவிடலாம். 12ஆம் நூற்றாண்டிற் பாரிஸ் நகரத்து அளவையியலாளர் இதனை அறிந்திருந்தனர். அது நிகழும் விதத்தைப் படிப்படியாகக் காணலாம்.

ஒரு களஞ்சியத்தில் 'ஒவ்வாமை உண்டு' என்றும் 'ஒவ்வாமை இல்லை' என்றும் இரு செய்திகள் உள்ளன என்க. முதற் செய்தி உண்மையெனின், 'ஒவ்வாமை உண்டு அல்லது நோயாளிக்கு நஞ்சு கொடுக்கலாம்' என்பதும் உண்மையாகும். 'அல்லது' என்று இணைத்த இரண்டில் ஒன்று உண்மையானாற் போதும் அல்லவா? இரண்டாம் செய்தி 'ஒவ்வாமை இல்லை' என்கிறது. ஆகவே இரண்டில் ஒன்று விலகுகிறது, எஞ்சியது நிலைக்கிறது. நோயாளிக்கு நஞ்சு கொடுக்கலாம் என்னும் முடிவு வந்துவிட்டது! ஒவ்வொரு படியும் விதிக்கு உட்பட்டது, முடிவோ பெருங்கேடு. நஞ்சுக்குப் பதிலாக வேறு எந்தக் கூற்றை வைத்தாலும் இதே வழியில் அது நிறுவப்படும். ஓர் ஏட்டின் ஒரு மூலையில் விழுந்த முரண், இணைக்கப்பட்ட களஞ்சியங்கள் அனைத்தையும் பொருளற்றவை ஆக்கிவிடும்.

நடைமுறையில் உள்ள சாதாரணக் கணினி நிரல்கள் இவ்வளவு தூரம் செல்வதில்லை என்பது உண்மை. அவை பெரும்பாலும் முதலில் அகப்பட்ட செய்தியையோ கடைசியாக வந்த செய்தியையோ எடுத்துக்கொண்டு, மற்றையதைச் சொல்லாமல் விட்டுவிடும். இது வெடித்தெழும் தீமையன்று, ஒளிந்திருக்கும் தீமை. எந்த ஏடு முதலிற் படிக்கப்பட்டது என்னும் தற்செயலால் மூதாட்டியின் மருந்து தீர்மானிக்கப்படும். விடையைக் காணும் வைத்தியருக்கு, அவ்விடைக்கு எதிரான செய்தி ஒன்று இருந்தது என்பதே தெரியவராது.

தனித்தனியே பிழையற்ற அமைப்புகள் இணைப்பிற் பிழைபடும் என்பதற்கு விண்வெளிப் பயண வரலாற்றில் ஒரு சான்று உண்டு. செவ்வாய்க் கோளின் காலநிலையை ஆராய்வதற்காக அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1998 டிசெம்பர் 11ஆந் திகதி ஒரு விண்கலத்தை ஏவியது. ஒன்பது மாதங்களுக்கு மேற் பயணஞ்செய்த அக்கலம், 1999 செப்டெம்பர் 23ஆந் திகதி செவ்வாயை அணுகியபோது தொடர்பு அற்று மறைந்தது. கலத்தைத் திருப்பும் சிறு உந்திகளின் விளைவை ஒரு நிரல் கணித்தது. அக்கணக்கைப் பெற்றுப் பாதையை அறிந்தது மற்றொரு நிரல். முதல் நிரல் இறாத்தல் விசையில் எண்களை எழுதியது. இரண்டாவது நிரல் அவற்றை நியூட்டன் அளவென்று கொண்டது. ஒரு இறாத்தல் விசை ஏறத்தாழ 4.45 நியூட்டனுக்குச் சமம். ஆகவே உந்திகளின் விளைவு ஒவ்வொரு முறையும் நான்கு மடங்குக்கு மேற் குறைத்து மதிப்பிடப்பட்டது. செவ்வாயிலிருந்து ஏறத்தாழ 226 கிலோமீற்றர் உயரத்திற் செல்ல வேண்டிய கலம், 57 கிலோமீற்றர் உயரத்திற்கு இறங்கிவிட்டது என்று பின்னர் கணிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியிற் கவனிக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, இரு நிரல்களும் தத்தம் எல்லைக்குள் ஒழுங்காகவே இயங்கின. பிழை அவற்றை இணைத்த பாலத்தில் இருந்தது. இரண்டாவது, எண்களுக்கும் கலத்தின் போக்குக்கும் ஒவ்வாமல் இருந்த சில வேறுபாடுகளைப் பாதை கணிப்போர் பயணத்தின்போதே கண்டிருந்தனர். ஆயினும் அவை முறைப்படி பதியப்பட்டு முடிவுவரை ஆராயப்படவில்லை என்று விசாரணைக் குழு கண்டது. முரண் தன்னை அறிவித்தது. அதற்குச் செவிசாய்க்கும் ஒழுங்கு போதவில்லை.

இணைப்பையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு ஒரு கோட்பாடு பின்னர் எழுந்தது. இத்தாலி நாட்டு அறிஞர் சிலர் 1990களில் இதற்கு அடித்தளம் இட்டனர். ஜெர்மனியின் லைப்சிக் நகரைச் சேர்ந்த கெர்ஹாட் புறூவ்காவும் ஒஸ்திரியாவின் வியன்னா நகரைச் சேர்ந்த தோமஸ் ஐற்றரும் 2007ஆம் ஆண்டில் அதனை விரிவாக்கினர். இக்கோட்பாட்டின்படி ஒவ்வொரு களஞ்சியமும் தனக்கேற்ற அளவையியலைத் தானே வைத்துக்கொள்ளலாம். ஒன்று மூடிய உலகக் கொள்கையையும் மற்றொன்று திறந்த உலகக் கொள்கையையும் பின்பற்றலாம். அவற்றை ஒரே மொழிக்கு மாற்ற வேண்டியதில்லை. அவற்றுக்கிடையே 'இணைப்பு விதிகள்' மட்டும் எழுதப்படும். அங்கே இன்னது இருந்தால், அல்லது இல்லாதிருந்தால், இங்கே இன்னதைச் சேர்க்க என்பதே இணைப்பு விதியின் வடிவம். எல்லாக் களஞ்சியங்களின் நம்பிக்கைகளும் எல்லா இணைப்பு விதிகளுக்கும் ஒருசேர இணங்கி நிற்கும் நிலையே 'சமநிலை' எனப்படும். சமநிலை ஒன்றேனும் அமையவில்லையெனின் அவ்வமைப்பு முழுவதும் முரண்பட்டது.

மூதாட்டியின் செய்தியை இக்கோட்பாட்டிற் பொருத்திப் பார்க்கலாம். வைத்தியருக்கு ஆலோசனை கூறும் சிகிச்சைக் களஞ்சியம் நடுவே உள்ளது. அதனை நோக்கி மூன்று இணைப்பு விதிகள் வருகின்றன. முதலாவது ஆய்வுகூடத்திலிருந்து வருவது: காணப்பட்ட கிருமியை அறிவி. இரண்டாவது பதிவேட்டிலிருந்து வருவது: ஒவ்வாமை எதுவும் எழுதப்படாவிடின் 'ஒவ்வாமை இல்லை' என்று அறிவி. மூன்றாவது மருந்துச்சாலையிலிருந்து வருவது: பென்சிலின் இனத்து மருந்தொன்றால் முன்னர் தீங்கு நேர்ந்திருப்பின் 'ஒவ்வாமை உண்டு' என்று அறிவி. நடுவிலுள்ள களஞ்சியம் உண்டென்றும் இல்லையென்றும் ஒரே கணத்திற் கேட்கிறது. சமநிலை குலைகிறது.

இந்நிலையிற் காரணங் காணும் முறையை வியன்னா ஆராய்ச்சியாளர் 2010ஆம் ஆண்டில் வகுத்துரைத்தனர். வைத்தியர் நோயின் மூலத்தை ஆய்வதுபோல், முரணின் மூலமும் ஆயப்படுகிறது. எந்தெந்த இணைப்பு விதிகளை மாற்றினால் சமநிலை மீளும் என்பது ஒரு கேள்வி. எந்தெந்த விதிகள் ஒன்றுசேர்ந்து முரணை விளைத்தன என்பது மற்றொரு கேள்வி. மேற்கூறிய காட்சியில், முரணை விளைத்தவை இரண்டாம் மூன்றாம் விதிகள். அவற்றுள் ஏதேனும் ஒன்றை நிறுத்தினாற் போதும். ஆய்வுகூடத்து விதிக்கு இதிற் பங்கில்லை; ஆகவே அதனைத் தொடவேண்டியதில்லை. கிருமியின் பெயர் ஐயத்துக்கு இடமின்றி அப்படியே நிற்கும்.

மூன்று விதிகளுக்கு இது எளிது. விதிகள் பெருகினால் உழைப்பும் மிகப் பெருகும். முப்பது இணைப்பு விதிகள் உள்ள ஓர் அமைப்பில், நிறுத்திப் பார்க்கத்தக்க விதிக் கூட்டங்கள் 107 கோடிக்கு மேற்பட்டவை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதியாமல், இயன்றவரை சிறிய மாற்றங்களை மட்டும் தேடும் உத்திகள் இதனால் வேண்டப்பட்டன.

வேறொரு தடையும் உண்டு. எல்லாக் களஞ்சியங்களும் தம் உள்ளடக்கத்தைத் திறந்து காட்டுவதில்லை. நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பதற்காகச் சில மறைக்கும். தொழில் இரகசியம் கருதிச் சில மறைக்கும். கேட்ட கேள்விக்கு ஆம், இல்லை என்று மட்டும் அவை விடை கூறும். அதுவும் சில கேள்விகளுக்கே. இவ்வாறு பாதியளவே அறியப்பட்ட களஞ்சியங்களிடையே முரணின் காரணத்தைத் தேடுவது எப்படி என்பதையும் வியன்னாக் குழுவினர் 2011ஆம் ஆண்டில் ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட வழி, விடையை இரு எல்லைகளுக்குள் வைப்பதாகும். கிடைத்த செய்திகளைக்கொண்டே உறுதியாகக் காரணம் என்று சொல்லத்தக்கவை ஒருபுறம். இன்னும் விலக்க முடியாதவை மறுபுறம். மேலும் சில கேள்விகளைக் கேட்கக் கேட்க இவ்விரு எல்லைகளும் ஒன்றையொன்று நெருங்கும். அறியாமையை மறைக்காமல், அதன் அளவைக் கூறும் நேர்மை இம்முறையில் இருக்கிறது.

காரணத்தைக் கண்டு திருத்தும்வரை கணினி வாளா இருப்பதா? நோயாளி காத்திருக்கிறாரே! இதற்கு வேறு இரு வழிகள் உதவும். முதலாவது, முரணை அதன் இடத்திலேயே அடக்கி வைப்பது. நியூவல் பெல்னாப் என்னும் அமெரிக்க அறிஞர் 1977ஆம் ஆண்டில், கணினி எவ்வாறு சிந்திக்கத்தகும் என்பதை ஆராய்ந்து நான்கு மதிப்புகளை முன்வைத்தார். ஒரு கூற்றைப் பற்றிக் கணினிக்கு 'உண்மை' என்று சொல்லப்பட்டிருக்கலாம், 'பொய்' என்று சொல்லப்பட்டிருக்கலாம், இரண்டும் சொல்லப்படாதிருக்கலாம், இரண்டும் சொல்லப்பட்டிருக்கலாம். மூன்றாவது நிலை அறிவுக் குறைவு. நான்காவது நிலை முரண். இரண்டும் தனித்தனி அடையாளம் பெறுகின்றன. 'ஒவ்வாமை' என்னும் கூற்று நான்காம் நிலையை அடைந்தால், அதனைச் சார்ந்த முடிவுகள் மட்டுமே தடைப்படும். மூதாட்டியின் வயதும் இரத்த அழுத்தமும் கிருமியின் பெயரும் பழுதுபடாமல் நிற்கும்.

உண்டு, இல்லை, உண்டும் இல்லையும், இரண்டுமன்று என்னும் நான்கு கோடிகளைப் பௌத்த தருக்கம் பன்னெடுங்காலமாக அறியும். அது பொருளின் இயல்பைப் பற்றிய ஆராய்ச்சி. பெல்னாப் கூறியதோ கணினி எதனைக் கேட்டது என்பது பற்றியது. இவ்வேறுபாட்டை மறக்கலாகாது. தமிழிலும் ஒரு சான்று உண்டு. மணிமேகலையின் 29ஆவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலைக் கற்பிக்கிறார். அங்கே குற்றமுடைய ஏதுக்களுள் ஒன்றாக 'விருத்த வியபிசாரி' என்பது சொல்லப்படுகிறது. பானையைப் போல ஆக்கப்படுவதால் ஒலி நிலையற்றது என்று ஓர் ஏது காட்டலாம். ஒலித்தன்மையைப் போலக் கேட்கப்படுவதால் ஒலி நிலையானது என்று மற்றோர் ஏதுவும் காட்டலாம். தன் எதிர்க்கூற்றுக்கும் இடங்கொடுக்கும் இத்தகைய ஏதுவை அந்நூல் முடிவு தராத ஏதுக்களின் வரிசையில் வைத்தது. இரு பக்கமும் சான்று நிற்குமிடத்து எதனையும் நிறுவிவிடலாம் என்று அது கூறவில்லை. அவ்விடத்தில் முடிவில்லை என்றே கொண்டது.

முரணைப் பொறுக்கும் அளவையியலுக்கு ஒரு விலை உண்டு. இரண்டில் ஒன்று உண்மை, முதலாவது அன்று, ஆகவே இரண்டாவது என்னும் எளிய ஊகத்தை அது கைவிட வேண்டியிருக்கிறது. மேலே நஞ்சு கொடுக்கலாம் என்னும் முடிவைத் தந்தது அவ்வூகமே. ஆயினும் அதுவே வைத்தியருக்கு அன்றாடம் உதவுவது. இந்நோயாகவோ அந்நோயாகவோ இருக்கலாம், முதலாவது இல்லை என்று பரிசோதனை காட்டியது, ஆகவே இரண்டாவது என்றுதானே அவர் எண்ணுகிறார்? கேட்டைத் தவிர்க்க நல்ல கருவி ஒன்றையும் இழக்க நேர்கிறது. ஆகவே முரணற்ற பகுதிகளில் அக்கருவியை அனுமதித்து, முரண்பட்ட பகுதியில் மட்டும் தடுக்கும் முறைகளை ஆராய்ச்சியாளர் தேடிவருகின்றனர்.

இரண்டாவது வழி, முரணை நீக்கும் எல்லா வகைகளையும் கருதி, எல்லாவற்றிலும் நிலைக்கும் முடிவை மட்டும் உறுதியென்று கொள்வது. தரவுத் தொகுதிகளுக்கு இம்முறை 1999ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. ஒருவர் பிறந்த ஆண்டு ஓர் ஏட்டில் 1952 என்றும் மற்றோர் ஏட்டில் 1957 என்றும் இருக்கிறது என்க. 2020ஆம் ஆண்டின் முடிவில் அவருடைய வயது என்ன என்று கேட்டால் உறுதியான விடையில்லை. அறுபதைக் கடந்தவரா என்று கேட்டாலோ, ஆம் என்று உறுதியாகக் கூறலாம். ஒரு கணக்கின்படி 68, மற்றதன்படி 63. எதுவாயினும் விடை ஒன்றே. முரண்பட்ட ஏட்டிலிருந்தும் நம்பத்தக்க விடைகளைப் பெறமுடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இத்தனை முறைகளும் சேர்ந்து வைத்தியருக்குத் தருவது யாது? முரண் எங்கே உள்ளது, எவ்விரு விதிகளால் வந்தது, எவ்வெம்முடிவுகள் அதனால் தீண்டப்படவில்லை என்பன தெளிவாகின்றன. இரண்டாம் விதியை நிறுத்துவதா, மூன்றாம் விதியை நிறுத்துவதா என்பதை அளவையியல் தனியே தீர்மானிக்காது. அளவையியலின் கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவு திருத்தம். வைத்தியத்தின் கண்ணுக்கு அவை ஒன்றல்ல. மூன்றாவதை நிறுத்தி மருந்தைக் கொடுத்து, ஒவ்வாமை உண்மையாக இருந்துவிட்டால், மூச்சடைத்து உயிர் போகலாம். இரண்டாவதை நிறுத்தினால், வேறொரு மருந்தைத் தேட வேண்டியிருக்கும். இரண்டாம் விதியே அறியாமையை இன்மையாக மாற்றிக் காட்டிய விதி என்பதையும் கருதினால், அவ்விரவில் எதனை நிறுத்தத்தகும் என்பது தெளிவு.

அதனால் மூன்றாம் விதி என்றும் சரி என்று முடிவு கட்டுதலும் தவறாகும். சுரப்பிக் காய்ச்சல் கண்டவருக்கு அம்பிசிலின் கொடுத்தால், உண்மையான ஒவ்வாமை இல்லாமலே உடலிற் செந்தடிப்புத் தோன்றுவது வைத்தியர் நன்கறிந்த செய்தி. அமெரிக்காவிற் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவர் பென்சிலின் ஒவ்வாதவர் என்று குறிக்கப்பட்டிருக்கிறார். அவர்களை முறையாகப் பரிசோதித்தால், பத்தில் ஒன்பது பேரளவில் அம்மருந்தைத் தாங்கக்கூடியவர் என்று தெரியவருகிறது. அக்குறிப்பு நீங்காதிருப்பின், அவர்களுக்கு எப்போதும் வேறு மருந்துகளே கொடுக்கப்படும். அவை சில வேளைகளிற் பயன் குறைந்தவை. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகவும் அவை இடமளிக்கும். ஆகவே பழைய குறிப்பை அழிப்பதும் பிழை. ஆராயாமற் பேணுவதும் பிழை.

முரண்பாட்டின் உண்மையான பயன் இங்கே புலப்படுகிறது. மருந்துச்சாலையின் ஏடு இணைக்கப்படாதிருந்தால் முரண் எழுந்திராது. வைத்தியர் ஐயமின்றி மருந்தை ஏற்றியிருப்பார். பதிவேட்டின் வெறுங்கட்டத்தை யாரும் ஐயுற்றிருக்கமாட்டார். ஏடுகள் இணைந்ததனால் முரண் பிறந்தது; முரண் பிறந்ததனால் ஒரு கேள்வி பிறந்தது. நல்ல அமைப்பொன்றின் கடமை அக்கேள்வியை விழுங்கிவிடாமல், விடை கூறத்தக்கவரிடம் உரிய வேளையிற் கொண்டுசேர்ப்பதாகும்.

அவ்விரவில் வைத்தியர் வேறொரு மருந்தைத் தேர்ந்து சிகிச்சையைத் தொடங்கலாம். காய்ச்சல் தணிந்து மூதாட்டி கண்விழித்தபின், தாதி ஒருவர் அவரருகே அமர்ந்து, தடிப்பு எப்போது வந்தது, அப்போது வேறென்ன நோய் இருந்தது, மூச்சு முட்டியதா என்று கேட்கலாம். பின்னர் தக்க பரிசோதனையும் செய்யலாம். கிடைத்த விடை பதிவேட்டின் வெறுங்கட்டத்தில் எழுதப்படும்; மருந்துச்சாலையின் பழைய குறிப்போடு அதன் விளக்கமும் சேர்க்கப்படும். அடுத்த முறை அவர் எந்த வைத்தியசாலைக்குச் சென்றாலும் ஏடுகள் ஒரே விடையைக் கூறும்.